தேய்க்கும் கல்லும் தேயும் கல்லும்

பாப்பாரப்பட்டி என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவர் சுப்பிரமணிய சிவா. 1925 ஜூலையில் அவர் கண்மூடியது தர்மபுரி மாவட்டத்தின் அந்த ஊரில்தான். நிலவியல் படித்தவர்களுக்கு அதே ஊர்ப்பெயர் இன்னொரு காரணத்தாலும் பழக்கம். அந்த வட்டாரத்துப் பாறைகளில் குருந்தம் இருக்கிறது. 1812ல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9. வேதியியல் கணக்கில் அது வெறும் அலுமினிய ஆக்சைடு. அதே பொருள் தெளிவாகப் படிகமாகி, குரோமியம் துளி கலந்துவிட்டால் மாணிக்கம் என்கிறோம். இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். கலங்கலாக, சாம்பலும் பழுப்புமாக விளைந்தால் குருந்தக்கல். தர்மபுரிப் பாறைகளில் இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது.

இதனால் நவரத்தின வரலாற்றில் இந்த மாவட்டத்துக்கு வேலையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மாணிக்கத்தையும் நீலத்தையும் பல நூற்றாண்டுகளாகத் தேய்த்துப் பளபளப்பாக்கியது இந்தக் கலங்கல் கல்தான். மணிக்கற்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தேயும் கல்லைப் பாடுகிறார்கள். தேய்க்கும் கல்லைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. எந்தக் காலத்தில் எதைக்கொண்டு எதைத் தேய்த்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போனால்தான் இந்தத் தொழிலின் போக்கு பிடிபடும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, தர்மபுரியில் நின்றபடி, புதிய கற்காலக் கோடரியிலிருந்து திருச்சியின் செயற்கைக் கற்கள் வரை பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒரு எல்லைக் குறிப்பு வேண்டும். தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது; 2004ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அதனால் பழைய ஆவணங்களில் ‘சேலம் மாவட்டம்’ என்றிருப்பதில் பாதி இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களின் செய்தி. ஓசூரும் பர்கூரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தர்மபுரியோடு இருந்தவை.

இந்தப் பகுதியில் கல்லை மெருகிட்ட முதல் ஆட்கள் நகைக்காக அதைச் செய்யவில்லை. தர்மபுரி அருகே மோதூரில் 2004-05ல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு புதிய கற்கால வாழ்விடத்தை வெளிக்கொண்டு வந்தது. பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறை இன்று இரும்பின் காலத்துக்காகப் பேசப்படுகிறது. அங்கும் இரும்புக்கு முந்திய அடுக்கில் இருப்பது மெருகிட்ட கற்கோடரிகளின் பண்பாடுதான். அந்தக் கோடரியை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதைச் செய்தவனின் பொறுமை விளங்கும். டோலரைட் போன்ற இறுகிய கருங்கல்லை முதலில் தட்டித் தட்டிச் சில்லு பெயர்த்து உருவம் கொண்டுவருகிறான். பிறகு மேடுகளைச் சிறு குத்துகளாகக் கொத்திக் கொத்திச் சமன் செய்கிறான். அடுத்து மணலும் தண்ணீரும் விட்டுப் பாறைமேல் வைத்துத் தேய்க்கிறான். கடைசியில் வாய்ப்பக்கத்துக்கு மட்டும் மெருகு. கைப்பிடிக்குள் போகும் பின்பகுதியில் கொத்திய தழும்புகள் அப்படியே இருக்கும், விரல் வைத்தால் சொரசொரக்கும்; வாய் மட்டும் வழுவழுவென்று முகம் காட்டும். தேவையான இடத்தில் மட்டும் உழைப்பைச் செலவழித்திருக்கிறான்.

உடைத்தல், உருவாக்கல், தேய்த்தல், மெருகிடல் என்ற இந்த வரிசை இன்றைக்கும் மாறவில்லை. ஜெய்ப்பூரில் மரகதம் தீட்டுகிறவரும் இரத்தினபுரியில் நீலம் தீட்டுகிறவரும் இதே படிகளில்தான் ஏறுகிறார்கள். சேர்வராயன் மலைப் பக்கத்தில் இந்தக் கற்கோடரிகளை மரத்தடியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து மக்கள் கும்பிடுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்து ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். இது மழையோடு விழுந்த கல் அல்ல, மனிதக் கை பட்டது என்பதை அந்த மெருகே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

தேய்த்தலின் விதி எளியது. கடினமானது மென்மையானதைக் கீறும், அவ்வளவுதான். ஒகேனக்கல்லில் காவிரி பாறையில் குடைந்திருக்கும் வட்டக் குழிகளைப் பார்த்தவர்கள் இந்த விதியைக் கண்ணால் கண்டவர்கள். தண்ணீர் மட்டும் அந்தக் குழியைக் குடையவில்லை. சுழலில் சிக்கிய கூழாங்கல்லும் மணலும் சுற்றிச் சுற்றி அரைத்ததால் வந்த குழி அது. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், மோஸ் எண் 7. பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் 6. மணல் ஜெயிக்கிறது. கற்கோடரிக்கு மணல் போதும். ஆனால் ஸ்படிகமும் செவ்வந்திக்கல்லும் தாமே குவார்ட்ஸ். அவற்றை மணலால் தேய்த்தால் இரண்டும் சமம், வேலை ஆகாது. பச்சைநீலப் பெரில் 7.5க்கு மேல். புஷ்பராகம் 8. மணியைத் தேய்க்க மனிதன் ஆசைப்பட்ட அன்றைக்கே அவனுக்கு மணலைவிடக் கடினமான ஒன்று தேவைப்பட்டுவிட்டது.

அந்த ஆசை நிறைவேறிய இடம் கொங்கு நாடு. ஈரோடு மாவட்டத்தில், நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது கொடுமணல். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் தொடங்கிய அகழாய்வு, பிறகு பலமுறை தொடர்ந்தது. அங்கே கிடைத்தவற்றில் பெரில், நீலம், செவ்வந்திக்கல், ஸ்படிகம், சூதுபவளம், அகேட், கார்னெட் மணிகள் இருக்கின்றன. முடிந்த மணிகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது முடியாத மணிகள்தான்: சில்லு பெயர்த்துக் கைவிட்டவை, பாதி தேய்த்தவை, துளையிடும்போது உடைந்தவை. விற்கும் ஊரில் முழு மணி கிடைக்கும். செய்யும் ஊரில்தான் உடைந்த மணி கிடைக்கும். ஒரே ஈமக்குழியில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்ததும் அங்கேதான். சூதுபவளம் அந்த மண்ணின் கல் அன்று. குஜராத், தக்காணப் பக்கத்திலிருந்து வரவேண்டியது. ஆகவே உள்ளூர்க் கல்லோடு வெளியூர்க் கல்லும் அங்கே புழங்கியிருக்கிறது.

இந்த ஊரைச் சங்க இலக்கியம் கொடுமணம் என்கிறது. பதிற்றுப்பத்தில் இரண்டு இடங்களில் அது வருகிறது: கபிலர் பாடிய ஏழாம் பத்தில் ஒன்று, அரிசில்கிழார் பாடிய எட்டாம் பத்தில் மற்றொன்று. எட்டாம் பத்தின் தலைவன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. தகடூர் என்பது தர்மபுரி. அங்கே ஆண்ட அதியமானின் கோட்டையை அழித்த சேரனைப் பாட வந்த புலவரே கொடுமணத்து அணிகலனையும் பாடுகிறார் என்பதைத் தர்மபுரிக்காரர்கள் கவனிக்க வேண்டும். மணி செய்யும் ஊரும் இரும்பும் குருந்தமும் உள்ள மேட்டு நிலமும் ஒரே அரசியல் போட்டிக்குள் இருந்தன. போருக்குப் பல காரணம் இருக்கும். கல்லும் இரும்பும் போகும் வழியைக் கையில் வைத்திருப்பது அவற்றில் ஒன்று என்று கருத இடமுண்டு. பிற்காலத்தில் ‘அதியமான் பெருவழி’ என்று பொறித்த தொலைவுக்கற்கள் இந்த மாவட்டத்திலேயே கிடைத்திருக்கின்றன.

கொடுமணலின் பெரில் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் காங்கேயம் பக்கத்துப் படியூரைக் கைகாட்டுவார்கள். 1819-20ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே பெரில் எடுத்த பதிவு இருக்கிறது. கரூர் முதல் காங்கேயம் வரை நீளும் பாறைத் தொடரில் பெரிலும் செவ்வந்திக்கல்லும் நிலவுக்கல்லும் இன்றும் கிடைக்கின்றன. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி தம் நூலின் 37ஆம் பகுதியில், பெரில் இந்தியாவில்தான் முதன்மையாக விளைகிறது என்றும், மங்கலான அதன் நிறம் கோணங்களில் பட்டுத் திரும்பும் ஒளியால் உயிர் பெறும் என்பதற்காக அதை அறுகோணமாகத் தீட்டுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பெரிலின் இயற்கைப் படிகமே அறுகோணத் தூண்தானே, தீட்டியது என்ன பெரிய காரியம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியே பதிலும் ஆகும். இயற்கை கொடுத்த ஆறு முகத்தையும் காப்பாற்றிக்கொண்டு மெருகு மட்டும் ஏற்றியவனுக்குக் கல்லைப் படிக்கத் தெரிந்திருக்கிறது. எடையும் வீணாகவில்லை, ஒளியும் வந்துவிட்டது.

நீலக்கல்லும் குருந்தமே என்று மேலே சொன்னேன். அதைத் தேய்க்கக் குருந்தத் தூளும் வைரத் தூளும் தவிர உலகில் அன்றைக்கு மூன்றாவது வழி கிடையாது. கொடுமணல்காரன் குருந்தத் தூளுக்காகப் பாப்பாரப்பட்டி வரை வரத் தேவையிருக்கவில்லை. காங்கேயத்தை ஒட்டிய சிவன்மலைப் பாறையிலேயே அது உண்டு. ஆனால் சிவன்மலை, பரமத்தி அருகே சித்தம்பூண்டி, பாப்பாரப்பட்டி என்று குருந்தம் இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்தால், கொங்கு நாட்டைச் சுற்றி ஒரு மாலை விழும். உலகத்து மணிக்கல் மையங்களில் தேயும் கல்லும் தேய்க்கும் கல்லும் இவ்வளவு பக்கத்தில் விளைந்த நிலம் அரிது.

குருந்தத்தைப் பயன்படுத்திய விதம் எளிமையானது, ஆனால் நுட்பமானது. கல்லை உடைத்து, இடித்து, சலித்து, தண்ணீரில் கலக்கி விடுவார்கள். பருந்தூள் உடனே அடியில் தங்கும். நேரம் ஆக ஆக நுண்தூள் படியும். இப்படித் தண்ணீரிலேயே தரம் பிரித்த தூளை உருக்கிய அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்தால் சாணை தயார். அதை ஒரு அச்சில் நிறுத்தி, வில்லின் நாணை அச்சில் சுற்றி, வலக்கையால் வில்லை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். இடக்கையில் கல். சாணை ஒரு தடவை முன்னே சுழலும், மறு தடவை பின்னே சுழலும். இலங்கையில் இந்த வில் சாணை அண்மைக்காலம் வரை புழக்கத்தில் இருந்தது. மின்மோட்டார் வந்தபின் சுழற்சி சீரானது, கை விடுதலையானது; ஆனால் கல்லின்மேல் எவ்வளவு அழுத்தம், எப்போது எடுத்துப் பார்ப்பது என்ற இரண்டும் இன்றும் கையின் பொறுப்பில்தான் இருக்கின்றன.

இனி பட்டறைக்குள் போகலாம். வேலை சாணையில் தொடங்குவதில்லை, பார்வையில் தொடங்குகிறது. கரட்டுக்கல்லின் தோல் ஒளியைச் சிதறடிப்பதால் உள்ளே எதுவும் தெரியாது. தண்ணீரில் நனைத்து விளக்குக்கு எதிரே பிடித்தால் ஏகை என்னும் உட்கோடு தெரியும், பொட்டுத் தெரியும், நிறம் எந்த மூலையில் குடியிருக்கிறது என்று தெரியும். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும்போது மணிகளின் குற்றங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. அப்படிப் பெயரிட முடிந்ததென்றால் கல்லைப் பார்க்கும் கண் அன்றே பழகியிருந்தது என்று பொருள். நீலக்கல்லில் நிறம் எங்கும் ஒரே சீராக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் பட்டை பட்டையாக, திட்டுத் திட்டாக இருக்கும். கைதேர்ந்தவர் அந்தத் திட்டு முடிந்த கல்லின் அடிமுனையில் வரும்படி வைத்துத் தீட்டுவார். மேலிருந்து பார்ப்பவருக்கு கல் முழுக்க நீலம். பக்கவாட்டில் பார்த்தால் முக்கால் பங்கு வெள்ளை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கல்லில் இருந்த கொஞ்ச நிறத்தையும் கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வித்தை இது. தமிழ்நாட்டில் கிடைக்கும் அயோலைட் இன்னும் விசித்திரம்: ஒரு திசையில் பார்த்தால் ஊதாநீலம், இன்னொரு திசையில் வைக்கோல் நிறம். திசை தவறி அறுத்தால் நல்ல கல் சோகையாகிவிடும்.

பார்த்து முடித்ததும் அறுப்பு. விளிம்பில் வைரத் தூள் பதித்த மெல்லிய உலோகத் தட்டு, தண்ணீரோ எண்ணெயோ சொட்டச் சொட்டச் சுழலும். சூடேறினால் கல் வெடிக்கும் என்பதால் சொட்டு நிற்கக் கூடாது. அறுத்த துண்டைக் கரட்டுத் தட்டில் பிடித்து உத்தேச வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு குச்சியின் முனையில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டவேண்டும். கல்லையும் சற்றுச் சூடாக்காமல் ஒட்டினால் அரக்கு பிடித்த மாதிரி இருந்து, சாணையில் வைத்ததும் தெறித்துவிடும். கல்லின் நடு குச்சியின் நடுவோடு நேராக நிற்கிறதா என்று குச்சியை விரல்களுக்குள் உருட்டிப் பார்ப்பார்கள். கல் ஆடினால் மறுபடி அரக்கை இளக்கி நேராக்குவார்கள். இங்கே தப்பினால் முகங்கள் ஓரிடத்தில் கூடாது.

பட்டை வைப்பது கோணக் கணக்கு. பள்ளிப் புத்தகத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தோமே, அதுதான் நகைக்கடையில் ஜொலிக்கிறது. கல்லின் தலைவழியே நுழைந்த ஒளி அடிப்பக்கத்து முகத்தில் மோதுகிறது. மாறுநிலைக் கோணத்தைவிடச் சாய்வாக மோதினால் முழுவதும் திரும்பி, எதிர் முகத்தில் மோதி, மேலே வந்துவிடும். நேராக மோதினால் கல்லைத் துளைத்து வெளியே ஓடிவிடும். கல்லின் நடுவில் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல ஒரு வெறுமை தெரியும். இந்தக் கோணம் கல்லுக்குக் கல் மாறும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 24.4 பாகை. குருந்தத்துக்கு 1.77, 34.5 பாகை. குவார்ட்ஸுக்கு 1.54, 40 பாகைக்குச் சற்று மேல். அதனால்தான் செவ்வந்திக்கல்லின் அடி ஆழமாக இருக்கவேண்டும். 43 பாகையில் வெட்டினால் ஒளி திரும்பும், 38க்குத் தட்டையாக்கினால் எவ்வளவு மெருகேற்றினாலும் கல் செத்துக்கிடக்கும். பழைய முறையில், தட்டின் பக்கத்தில் நிற்கும் மரக்கட்டையில் துளைகள் மேலும் கீழுமாக இருக்கும். குச்சியின் வால் எந்தத் துளையில் ஊன்றுகிறது என்பதே கோணம். இன்றைய கருவிகளில் பாகை அளவுகோலும், வட்டத்தை 64 ஆகவோ 96 ஆகவோ பிரிக்கும் பற்சக்கரமும் உண்டு. வைரத்துக்கான கோணங்களை 1919ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டு வெளியிட்டார். இன்று நாம் காணும் 57 பட்டை வட்ட வைரம் அந்தக் கணக்கின் வழிவந்தது.

முகம் வைத்தபின் ஒவ்வொரு முகத்துக்கும் மறுபடி மெருகு. குவார்ட்ஸுக்குச் சீரியம் ஆக்சைடு, பெரிலுக்கு அலுமினிய ஆக்சைடு, குருந்தத்துக்கு ஒரு மைக்ரான் அளவு வைரப் பொடி என்று கல்லுக்கேற்ப மாறும். கரட்டுத் தூளின் ஒரே ஒரு மணி மெருகுத் தட்டில் விழுந்துவிட்டால் கண்ணாடி முகத்தில் கோடு விழும். அந்தக் கோட்டைக் கண் காணும் முன் காது கேட்டுவிடும். தட்டின் ஓசை கரகரத்ததும் அனுபவசாலியின் கை தானாகக் கல்லைத் தூக்கிவிடும். ஒவ்வொரு தூளுக்கும் தனித் தட்டு, மாறும்போதெல்லாம் கையையும் குச்சியையும் கழுவுவது என்பதெல்லாம் இதற்காகத்தான். புஷ்பராகம் ஒரு தளத்தில் எளிதில் பிளக்கும். எந்த முகமும் அந்தத் தளத்துக்கு இணையாக வரக்கூடாது, வந்தால் மெருகே ஏறாது. வைரமோ திசைக்குத் திசை கடினம் மாறுவது; தேயும் திசையைத் தேடித்தான் வார்ப்பிரும்புத் தட்டில் வைக்கவேண்டும். நிலவுக்கல்லுக்கும் நட்சத்திரக் கல்லுக்கும் பட்டையே கூடாது. அவற்றின் அழகு உள்ளே மிதக்கும் ஒளியில் இருப்பதால் குமிழ் வடிவம்தான் பொருந்தும்.

கரட்டுக்கல்லின் எடையில் பாதிக்கு மேல் தூளாகப் போவது சாதாரணம். இங்கே ஒரு பழைய சண்டை இருக்கிறது: எடையா, ஒளியா? பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுரங்கங்களைப் பார்த்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, இந்தியத் தொழிலாளர் குறையற்ற வைரத்தை எடை குறையாமல் இலேசாக மட்டுமே சாணையில் தொடுவதாகவும், குறையுள்ள கல்லில் அதை மறைக்கும்படி நிறையச் சிறு பட்டைகள் வைப்பதாகவும் எழுதினார். ஐரோப்பியர் இதைத் திறமைக் குறைவாகவே படித்தார்கள். 186 காரட் இருந்த கோஹினூரை 1852ல் லண்டனில் மறுபடி தீட்டி 105.6 காரட்டாக்கியது அந்த மனநிலையின் உச்சம். எண்ணெய் விளக்கொளியில் அரசர் மார்பில் கிடக்கும் கல்லுக்குப் பெரிய உருவமும் அமைதியான நிறமும் போதும். மெழுகுவத்திகள் நிறைந்த ஐரோப்பிய நடன மண்டபத்துக்கு மின்னல் வேண்டும். நம்மவர் தீட்டல் வேறு அளவுகோலில் நல்ல தீட்டல் என்பதே என் முடிவு.

மறுபடி குருந்தத்துக்கு வருவோம். 1798ல் சார்ல்ஸ் கிரெவில் ஆசியக் குருந்தம் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதிய கட்டுரை அதை ஐரோப்பிய அறிவியலுக்குள் கொண்டுபோனது. நூறு ஆண்டு கழித்து, 1898ல், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் டி. எச். ஹாலண்ட் குருந்தத்துக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். சேலம் மாவட்டத்துக்கு அதில் நல்ல இடம் உண்டு. ஆனால் அந்நூல் வரும்போதே குருந்தத்தின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. 1891ல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்உலையில் சுட்டுச் சிலிக்கான் கார்பைடு செய்துவிட்டார். 1954ல் சென்னையில் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகம் செயற்கை வைரம் செய்தது. இன்று ஒரு சிறிய பட்டறையிலும் வைரத் தூள்தான் ஓடுகிறது. மலையிலிருந்து வந்த தேய்ப்புக்கல் ஆலையிலிருந்து வரத் தொடங்கியதும் பாப்பாரப்பட்டிப் பெயர் நிலவியல் நூல்களோடு நின்றுவிட்டது.

தேய்க்கும் கல் மட்டும் ஆலைக்குப் போகவில்லை. தேயும் கல்லும் போனது. 1902ல் பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்த் வெர்னுயி, அலுமினிய ஆக்சைடுத் தூளை ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்தார். இந்தச் செயற்கைக் கரட்டை இறக்குமதி செய்து தீட்டும் தொழில் திருச்சியில் வேரூன்றியது. திருச்சி, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் வீட்டுத் திண்ணைவரை சாணை போனது. 1970களின் பிற்பாதியில் கியூபிக் சிர்கோனியா சந்தைக்கு வந்தபின், ‘அமெரிக்கன் டயமண்ட்’ என்று தோட்டிலும் மூக்குத்தியிலும் ஏறிய கற்களில் பெரும்பங்கு திருச்சிக் கைகள் தீட்டியது. சுற்றுவட்டாரத்தில் ஒரு மணிக்கல் சுரங்கம்கூட இல்லாத ஊர் கல்லுக்குப் பெயர் பெற்றது கை இருந்ததால்தான். வைரம் தீட்டும் சூரத் நகரும் அப்படியே.

திருச்சித் தொழிலின் பிற்காலச் சரிவுக்கு முக்கியக் காரணம் சீனத்தின் வூஜோ நகரத்து இயந்திரங்கள். ஒரே நேரத்தில் பல கற்களை அச்சுப் பிசகாமல் தீட்டும் இயந்திரத்தோடு, எண்ணிக்கைக் கூலிக்கு ஒவ்வொன்றாகத் தீட்டும் குடும்பம் போட்டியிட முடியாது. கல்லின் அளவு சீராக இருப்பதுதான் நகை ஆலைக்கு முக்கியம். ஒரு கல் மற்றதைவிட ஒரு மயிரிழை பெரிதானாலும் குழியில் உட்காராது. இந்தத் தொழிலில் சிறுவர்களும் உட்கார வைக்கப்பட்ட காலம் இருந்ததை மறைத்து, பழம்பெருமை மட்டும் பேசுவது தவறு. கூலி உயரவேண்டிய இடத்தில் உயராமல், விலையைக் குறைத்தே சந்தையைக் காப்பாற்றப் பார்த்தார்கள். இயந்திரம் அதையும் தோற்கடித்தது.

தர்மபுரிக்கு இதில் வரவேண்டியது வந்து, கை நழுவிய கதையும் உண்டு. 1984ல் மாநில அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் கடிகார ஆலை கட்டியது. பிறகு அங்கேயே தனிஷ்க் நகை ஆலையும் வந்தது. அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டம். பொறிமுறைக் கடிகாரத்தில் அச்சு தேயாமல் தாங்குவது செயற்கை மாணிக்கத் தாங்கிதான். குருந்தம் கடிகாரத்துக்குள்ளும் வருகிறது, அழகுக்காக அல்லாமல் தேயாமைக்காக. இன்று அந்த ஆலைகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கின்றன. தர்மபுரிக்கு மிஞ்சிய கல் தொழில் கிரானைட். கற்கோடரிக்காரன் தேடிய அதே கருங்கல் இன்று பாளங்களாக அறுபட்டு, மெருகேறி, துறைமுகம் போகிறது. அந்த மெருகுக்குப் படி அதே படிதான்: கரடு, நடு, நுண்மை. மணிக்கல்லில் மில்லிமீட்டரில் நடப்பது இங்கே மீட்டரில் நடக்கிறது. அதனால் தேய்த்தல் தெரிந்த கை இந்த மாவட்டத்தில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் மணிக்கல் தீட்டும் தொழிலைத் தர்மபுரியில் கொண்டுவரலாமா? இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் மாவட்டம் இது. ஒரு மேசை, ஒரு மோட்டார், நல்ல கண், பொறுமை இருந்தால் ஊரிலேயே செய்யக்கூடிய தொழிலை ஆராயாமல் விடுவது பிழை. ஆனால் திருச்சி தோற்ற பந்தயத்தில் மறுபடி இறங்கக் கூடாது. ஒரே அளவுக் கற்களை ஆயிரக்கணக்கில் தீட்டும் வேலை இயந்திரத்துடையது. அதை இயந்திரத்துக்கே விட்டுவிடலாம். ஆய்வக வைரத்துக்கும் அரசின் கவனம் திரும்பியிருக்கிறது. 2023ல் மத்திய அரசு சென்னை ஐஐடிக்கு அந்த ஆராய்ச்சிக்காக ஐந்தாண்டுக்குச் சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. அங்கே விளையப்போகும் கரட்டும் சூரத்துக்குத்தான் போகும். மனிதக் கண் தேவைப்படும் இடம் வேறு: ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும் இயற்கைக் கரடு. கரூர்ச் செவ்வந்திக்கல், காங்கேயம் நிலவுக்கல், அயோலைட், கார்னெட் ஆகியவற்றில் எந்த இரண்டும் ஒன்றல்ல. நிறம் எங்கே, ஏகை எங்கே, எந்தப் பக்கம் தலை என்று முடிவெடுக்கும் வேலைக்கு இன்னும் இயந்திரம் முழுதாக வரவில்லை. திருச்சியில் சாணையை விட்டு எழுந்துவிட்ட மூத்த தொழிலாளர்கள் கற்றுக்கொடுக்க இருக்கும்போதே இதைத் தொடங்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் எந்தத் திட்ட அறிக்கையிலும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளக் கூடாது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தேய்க்கிறவர்களின் நுரையீரலைச் சிலிக்கோசிஸ் தின்றுவருவதை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாக ஆய்ந்து எழுதியிருக்கிறது. அகேட் என்பதும் செவ்வந்திக்கல் என்பதும் குவார்ட்ஸ். அதன் நுண்தூள் மூச்சில் போனால் நுரையீரல் தழும்பேறும், அதை மாற்ற மருந்து இல்லை. சாணைக்குப் பக்கத்தில் உட்காராத வீட்டுக் குழந்தைகூட அந்தத் தூசியைச் சுவாசிக்கும் என்பதுதான் திண்ணைத் தொழிலின் கொடுமை. கிரானைட் பட்டறைகளில் உலர்வாக அறுக்கும் இடங்களிலும் இதே ஆபத்து நிற்கிறது. மருந்து இல்லாத நோய்க்குத் தடுப்பு மலிவானது: தேய்க்கும் இடத்தில் எப்போதும் தண்ணீர், தூளை உறிஞ்சும் குழாய், வீட்டிலிருந்து பிரிந்த பட்டறை, ஆண்டுக்கு ஒரு முறை மார்பு ஊடுகதிர்ப் படம். புதிதாகக் கற்பவர் கையில் முதலில் கொடுப்பது குவார்ட்ஸாகத்தான் இருக்கும், மலிவு என்பதால். ஆகவே பயிற்சிக்கூடம் திறக்கும் முதல் நாளிலேயே ஒவ்வொரு சாணைக்கும் தண்ணீர்க் குழாய் வந்திருக்கவேண்டும். தண்ணீர் நின்றால் மோட்டாரும் தானாக நிற்கும்படி இணைப்பது எந்த ஊர் எலக்ட்ரீஷியனும் செய்துவிடக்கூடிய வேலை.